சம்பளம் வாங்காதவரிடமும் கணக்குக் கேட்கலாம்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பனைத் தோட்டம் ஒன்றில் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். லயத்து வாசலில் நின்றிருந்த ஓர் அக்காள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. பட்டணத்துல இருந்து வந்து சனிக்கிழமை சனிக்கிழமை நம்ம பிள்ளைங்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் குடுத்தாங்களே, ஓவியம், மிருதங்கம்கூட சொல்லிக் குடுத்தாங்களே, அவுங்க மூணு மாசமா வரல. வேன் காசுன்னு தலைக்குப் பத்து வெள்ளி வேற வாங்கினாங்க. என்னாச்சுன்னு யாரைப் போயி கேக்கிறது?"

நான் வாய் திறப்பதற்குள் அவருடைய வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அவுங்க சம்பளமில்லாம செய்யிறாங்க. அவுங்களையா கேள்வி கேப்ப? வாய மூடிக்கிட்டு இரு!"

இந்த "வாய மூடு" என்ற பேச்சைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் நாட்டில் இத்தகைய அமைப்புகள் பல இருக்கின்றன. டாக்டர், எஞ்சினியர், ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி அதிகாரி என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓர் அறவாரியமோ சங்கமோ அமைப்பார்கள். வசதியற்ற பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கலைகளையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோக்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவையினர் என்று பொறுப்பெடுப்பார்கள். ஒருவருக்கும் ஒரு காசு சம்பளம் கிடையாது. எல்லாம் தொண்டூழியம்.

அவர்களைக் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளில் சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில், குண்டும் குழியுமான செம்மண் ரோட்டில் நம் தோட்டத்துக்கு வருகிறார்கள். இதே அக்காளின் தோட்டத்தில் ஒருமுறை நானே பார்த்தேன். வந்திருந்த ஆசிரியை நாலைந்து எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியும் துத்தநாகத் தகடும் குத்தி, கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து, மொச்சைக் கொட்டை அளவு விளக்கு ஒன்றை எரிய வைத்தார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஆயாக்கொட்டகையில் தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்துகொண்டன. ரசத்துக்குப் பிழிகிற பழத்தில் கரண்டா! அந்த ஆசிரியைக்கு நான் கையெடுத்துக் கும்பிடத் தயார்.

ஆனால் கும்பிடுவது வேறு, கேள்வி கேட்பது வேறு. கும்பிட்டவன் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது?

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டணத்திலிருந்து ஒரு குழு வந்தது. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் வேண்டும்" என்று பெரட்டுக் களத்தில் மேசை போட்டுப் பேசினார்கள். வீட்டுக்கு ஐந்து வெள்ளி வசூலானது. பால்மரம் வெட்டி, காண்டா வாளி தூக்கி, ஒட்டுப்பால் பொறுக்கிச் சம்பாதித்த காசு அது. இரண்டு மாதம் கழித்து ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் மைக்ரோஸ்கோப் இருக்கிறது என்றார்கள். மாலை போட்டுப் படம் பிடித்தார்கள். பிறகு பெட்டி தலைமையாசிரியர் அறையிலுள்ள அலமாரிக்குள் போனது.

அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்பு முடித்து வெளியேறும் வரை அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. "பிள்ளைகள் கை பட்டால் உடைந்துவிடும், செயலவையினர் ஒருவர் உடனிருந்தால்தான் திறக்கலாம்" என்று குழு முடிவெடுத்திருந்ததாம். செயலவையினர் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. திருட்டு இல்லை, மோசடி இல்லை. ஒருவரும் கெட்டவர் இல்லை. பூட்டிய பெட்டி ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த ஆண்டு அதே குழு மறுபடி வசூலுக்கு வந்தபோது என் அம்மா எழுந்து நின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும் அவருக்கு. "ஐயா, அந்தப் பொட்டிய எப்பத் தொறப்பீங்க?" என்று கேட்டார். மேசையில் இருந்தவர் முகம் சிவந்துவிட்டது. "நாங்கள் ஓசியில் உழைக்கிறோம், எங்களிடமே கணக்குக் கேட்கிறீர்களா?" என்றார். கங்காணி அம்மாவைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அம்மா உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் அம்மாவைத்தான் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

இது நம் தோட்டத்துக்கு மட்டுமே உரிய கதை என்று எண்ணிவிட வேண்டாம். துரைமார்களின் சொந்த ஊரிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

லண்டன் மாநகரில் ஆல்பமார்ல் வீதி என்று ஒரு வீதி. அங்கே ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையம் இருக்கிறது. 1799இல் தொடங்கப்பட்டது. விஞ்ஞானத்தை அன்றாட வாழ்வுக்குப் பயன்படும்படி மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அதன் நோக்கம். விஞ்ஞானம் மட்டுமல்ல, கவிதையைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும்கூட அங்கே சொற்பொழிவுகள் நடந்திருக்கின்றன. கோல்ரிட்ஜ் என்ற கவிஞர் 1808இலும், கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1836இலும் அங்கே பேசியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நிலையத்தின் உரிமையாளர்களாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கு 50 கினி கட்டிய செல்வந்தர்கள். நிர்வாகக் குழுவில் இருந்தவர்களும் அந்த வர்க்கத்தார்தான்.

அங்கே தாமஸ் வெப்ஸ்டர் என்று கட்டட வேலைகளைக் கவனித்த ஒருவர் இருந்தார். தச்சர், கொத்தர், கொல்லர் போன்ற கைத்தொழிலாளிகளுக்கும் வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவருடைய திட்டம். சொற்பொழிவு மண்டபத்தின் மேல்தட்டில் அவர்கள் உட்கார இடம் ஒதுக்கினார். தெருவிலிருந்து நேரே அங்கே ஏறிப்போகக் கல் படிக்கட்டு ஒன்றும் அமைத்தார். (முன்வாசல் வழியாக விட மனம் வரவில்லை பாருங்கள்! தொழிலாளிக்குத் தனிப் படிக்கட்டு. சரி, அதுவாவது கிடைத்ததே என்று வைத்துக்கொள்வோம்.) ஆனால் அதற்கும் ஆபத்து வந்தது. பக்கத்து நாடான பிரான்சில் புரட்சி நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கீழ்த்தட்டு மக்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பதா, அது அரசியல் ஆபத்தில் போய் முடியும் என்று பெரிய இடத்தில் பயம் பிடித்தது. சத்தமில்லாமல் திட்டத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டையும் எடுத்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களில் ஒரு தச்சனாவது, ஒரு கொல்லனாவது இருந்திருந்தால் அந்தப் படிக்கட்டு அவ்வளவு சுலபமாகப் போயிருக்குமா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரு கொல்லனின் மகன், பதினான்கு வயதிலேயே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்கு விடப்பட்டவன், 1812இல் அதே மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் இரக்கப்பட்டு அவனுக்கு டிக்கெட் கொடுத்திருந்தார். ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்தான். தன் கையாலேயே அதைப் பைண்டு செய்து அவருக்கே அனுப்பி வைத்தான். 1813இல் ஆய்வுக்கூடத்து உதவியாள் ஒருவர் சண்டை போட்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு இந்தப் பையனை எடுத்துக்கொள்ள நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது. அந்தப் பையன்தான் மைக்கேல் ஃபாரடே.

1831இல் காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியைக் கண்டவர் அவர். இன்று நம் செம்பனை ஆலையில் ஓடும் ஜெனரேட்டருக்கு அதுதான் மூலம். இன்னொரு செய்தி, ரப்பர் வெட்டிய குடும்பத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1824இல் அவர் தம் சோதனைக்காக இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் மாவு தூவி, ஓரங்களை அழுத்தி ஒட்டி பலூன் செய்தார். 1826இல் ரப்பரைச் சோதித்து, அது கரியும் ஹைட்ரஜனும் 5க்கு 8 என்ற கணக்கில் சேர்ந்த பொருள் என்று கண்டு சொன்னார். மலாயா மண்ணில் ரப்பர்க் கன்று ஊன்றப்பட்டது 1877இல். ஆக, நம் பாட்டன் பூட்டன் கத்தி பிடிப்பதற்கு வெகு காலம் முன்பே, அந்தப் பால் எதனால் ஆனது என்று ஒரு கொல்லனின் மகன் ஆராய்ந்து வைத்துவிட்டார். தொழிலாளியின் படிக்கட்டை எடுத்த அதே கட்டடத்துக்குள் இருந்துகொண்டுதான்!

ஒரு வாடிக்கையாளர் இரக்கப்படாமல் இருந்திருந்தால்? நம் பிள்ளைகளின் படிப்பு யாரோ ஒருவரின் இரக்கத்தில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்த நிலையம் இன்றைக்கும் நடக்கிறது. ஓர் அறநிறுவனமாக, சம்பளமில்லாத அறங்காவலர்கள் பொறுப்பில் நடக்கிறது. ஆனால் இந்த நூற்றாண்டில் அது கிட்டத்தட்ட வீட்டையே இழக்கப் பார்த்தது. 2008இல் முடிந்த புதுப்பிப்பு வேலைக்கு 22 மில்லியன் பவுண்டு செலவானது. அதற்காகச் சொந்தச் சொத்துகளை விற்றார்கள், கடனும் ஏறியது. 2010 ஜனவரியில் இயக்குநர் பதவியையே எடுத்துவிட்டார்கள். உறுப்பினர்கள் சும்மா இருக்கவில்லை. சிறப்புக் கூட்டம் கூட்டும்படி செய்து, அறங்காவலர்களை மாற்ற வேண்டும் என்று அந்த ஏப்ரலில் ஓட்டெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டில் தோற்றார்கள். அறங்காவலர்கள் பதவியில் நீடித்தார்கள். 2013 தொடக்கத்தில், ஃபாரடே நடமாடிய அந்தக் கட்டடத்தையே விற்கலாமா என்ற நிலை வந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு புண்ணியவான் 4.4 மில்லியன் பவுண்டு கொடுக்க, வங்கிக் கடன் அடைந்தது.

நான் இங்கே கவனிப்பது ஓட்டின் முடிவையல்ல. பெரிய விஞ்ஞானிகளும் கனவான்களும் இருந்த இடத்திலேயே, "இவர்கள் இலவசமாகத்தானே உழைக்கிறார்கள், விடு" என்று உறுப்பினர்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. கூட்டம் கூட்டு என்றார்கள், கூட்டினார்கள். கேட்டார்கள், பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்களை யாரும் நன்றி கெட்டவர்கள் என்று உட்கார வைக்க முடியவில்லை. என் அம்மாவுக்குக் கிடைக்காத மரியாதை அது.

நம் நாட்டிலும் சட்டம் ஊமையில்லை. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவான எந்த அமைப்பும் ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கிய அமைப்பென்றால், அதற்கு நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. அதாவது அரசாங்கத்துக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. அது பொதுப் பணம். சம்பளம் வாங்கவில்லை என்பதால் அந்தப் பணம் செயலவையினரின் சொந்தப் பணமாகிவிடாது. பிள்ளைக்குப் பத்து வெள்ளி கொடுத்த தாய்க்குக் கேட்க உரிமை இருக்கிறது.

கேட்பதென்றால் சண்டைக்குப் போவதல்ல. இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, பிள்ளைகளுக்கு எவ்வளவு போனது, விருந்துக்கும் பதாகைக்கும் எவ்வளவு போனது? காசோலையில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்? பொருட்களை வாங்கிய கடை செயலவையினர் ஒருவரின் மைத்துனர் கடையா? அப்படியானால் அதைக் கூட்டத்தில் முன்கூட்டியே சொன்னாரா? பதினைந்து வருஷமாக ஒருவரே தலைவராக இருந்தால் அது ஏன்? நல்ல செயலவைக்கு இந்தக் கேள்விகளால் ஒரு நஷ்டமும் இல்லை. நேர்மையான பொருளாளர் கேள்வி வந்தால் சந்தோஷப்படுவார், நோட்டை எடுத்துக் காட்டுவார்.

நானும் யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போகக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் குடும்ப தின வசூலுக்கு ஒரு வெட்டுக்காரர் என்னிடம் ரசீது கேட்டார். ராத்திரி பதினோரு மணி வரை அலைந்து களைத்திருந்தேன். "என்மேல் நம்பிக்கையில்லையா அண்ணே?" என்று கடுகடுத்துவிட்டேன். அவர் பேசாமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் எனக்கு உறைத்தது: அன்று மேசையில் முகம் சிவந்தவர் பேசிய பேச்சைத்தானே நானும் பேசியிருக்கிறேன்! மறுநாள் ரசீதோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

சரி, அக்காளின் வேன் காசுக்கு வருவோம். அந்த அமைப்பின் செயலாளருக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, உங்க தோட்டத்துல பிள்ளைங்க வருகை குறைஞ்சுபோச்சு. 22 பேர் இருந்தது 9 ஆயிடுச்சு. ஆர்வம் இல்லைன்னு நினைச்சு, வகுப்பைப் பட்டணத்துக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடுங்களுக்கு மாத்திட்டோம். செயலவையில ஏகமனதா எடுத்த முடிவு. வேன் காசு அப்படியே வங்கியில இருக்கு, திருப்பிக் குடுத்திடுறோம்" என்றார்.

ஆர்வம் இல்லையாம்! நடந்தது என்னவென்று லயத்துக்குப் போய் விசாரித்தேன். அந்த மாதங்களில் தோட்டப் பள்ளியில் சனிக்கிழமைகளில் மாற்று வகுப்பு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றியிருந்தால் 22 பேரும் வந்திருப்பார்கள். இது லயத்திலுள்ள எந்தத் தாய்க்கும் தெரியும். செயலவையில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருந்தும் தெரியவில்லை, அவர்கள் அந்த லயத்தில் குடியிருக்கவில்லை அல்லவா? எலுமிச்சம்பழத்தில் விளக்கேற்றிய வகுப்பு இப்படித்தான் நின்றுபோனது.

இதைச் சொன்னதும் செயலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்படின்னா நீங்களே செயலவைக்கு வாங்களேன், தொழிலாளர் தரப்புல ஒருத்தர் இருந்த மாதிரி இருக்கும்" என்றார்.

பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் நானும் அந்த லயத்தில் குடியிருப்பவனல்ல. "என்னை விடுங்கள், அந்த அக்காளைப் போடுங்கள்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அவுங்களுக்குக் கூச்சமா இருக்காதா? கூட்டமெல்லாம் இங்கிலீஷ்ல நடக்குது. புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு, பட்டணத்துல" என்றார்.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சம்பளமில்லாத பதவி என்பது எல்லோருக்கும் திறந்திருப்பதுபோல் தோன்றும். யாரிடம் காரும் ஓய்வு நேரமும் இங்கிலீஷும் இருக்கிறதோ அவருக்குத்தான் அது திறந்திருக்கிறது. மாதம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் குலை வெட்டுகிறவரும் உதிரிப்பழம் பொறுக்குகிறவரும் விடியுமுன் எழ வேண்டும். புதன்கிழமை ராத்திரி பட்டணத்துக்குப் போய் வருவதென்றால் வியாழக்கிழமைக் கூலியோடு விளையாடுவது. தொண்டூழியருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் வந்துபோகும் செலவைக் கொடுப்பதில் என்ன தவறு? இங்கிலாந்தின் அறநிறுவனங்களிலேயே சம்பளமில்லாத அறங்காவலருக்கு வழிச்செலவு கொடுக்க இடமுண்டு. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பகலில் வைக்கலாம். தமிழில் பேசலாம், தமிழர் பிள்ளைகளுக்கான அமைப்புதானே? கூட்டக் குறிப்பைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி லயத்துப் பலகையில் ஒட்டினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னேன். செயலவையில் வைத்துப் பேசுவதாகச் சொன்னார். நமக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன்: கதவு திறந்தபின், "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்று நாம் ஒதுங்கினால் அது அவர்கள் குற்றமாகாது.

போன வாரம் பதில் வந்தது. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. அக்காளை முதலில் பார்வையாளராக அழைக்கிறார்கள், ஆண்டுக் கூட்டத்தில் தேர்தலுக்குப் பெயர் கொடுக்கலாமாம். கடிதம் தமிழிலேயே வந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காள் இரண்டு தரம் படித்தார்.

"நான் அங்க போயி என்னத்தப் பேசுறது தம்பி?"

"என்னைக் கேட்டீங்களே, அதையே கேளுங்க. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வெச்சா பிள்ளைங்க வரும்னும் சொல்லுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் வாயை மூடச் சொல்லவில்லை. "ரெண்டு மணின்னா இங்கேருந்து ஒண்ணேகாலுக்காச்சும் கெளம்பணும், மோட்டார்ல பெட்ரோல் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.